வாசகர் கேள்வி – பதில்: ஜெர்மனியில் படிப்பும் நட்பும்

ஜெர்மனிக்குப் படிக்கச் செல்வோரிடமிருந்து இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் முன்பெல்லாம் விசா, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ், வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் பிளாக்டு அக்கவுன்ட் ஆகியவை பற்றிய ஐயங்களே மிகுதியாக இருக்கும். அந்நாட்டில் பயிலும் அயல்நாட்டு மாணவர்களில் இப்போது இந்தியர்களே முதலிடத்தில் இருக்கிறார்கள். 2023–24 குளிர்காலப் பருவத்திலேயே அவர்கள் எண்ணிக்கை 49,000 அளவில் இருந்தது. போய்ச் சேர்ந்தவர்கள் பெருகியதாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அங்கே மனிதர்களோடு பழகுவதைப் பற்றியவையாக இருந்தன. சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: சீகன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலவழி முதுநிலைப் படிப்பில் சேர்ந்து முதல் பருவம் முடியப்போகிறது. நாங்கள் ஐந்து பேர் ஒரே வீட்டில் தங்கியிருக்கிறோம். அனைவரும் தமிழ்நாட்டையும் ஆந்திரத்தையும் சேர்ந்தவர்கள். வகுப்பில் ஜெர்மானிய மாணவர்கள் நன்றாகத்தான் பேசுகிறார்கள். கேட்டால் குறிப்புகளையும் தருகிறார்கள். மறுநாள் மென்சாவில், அதாவது மாணவர் உணவகத்தில், பார்த்தால் தலையசைத்துவிட்டுத் தங்கள் கூட்டத்தோடு போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். “ஒரு நாள் காபி குடிக்கப் போகலாம்” என்று இருவரிடம் சொன்னேன். இருவரும் “கட்டாயம்” என்றார்கள். அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. குறை என்னிடமா, அல்லது என் நிறத்திலா?
— முதுநிலை மாணவர், சொந்த ஊர் மதுரை

பதில்: குறை உங்களிடம் இல்லை. நிறத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் காபியை எடுத்துக்கொள்வோம். “ஒரு நாள் போகலாம்” என்று நீங்கள் சொன்னதை அவர்கள் இருவரும் விடைபெறும்போது சொல்லும் இனிய சொல்லாகவே எடுத்துக்கொண்டிருப்பார்கள். நாளும் நேரமும் சொல்லாத அழைப்பை அங்கே அழைப்பாக மதிப்பவர் குறைவு. “வியாழக்கிழமை வகுப்பு முடிந்ததும் பன்னிரண்டு மணிக்கு மென்சாவுக்குப் போகிறேன், நீங்களும் வருகிறீர்களா?” என்று கேட்டுப்பாருங்கள். “வியாழன் முடியாது, அடுத்த வாரம் செவ்வாய் சரிப்படுமா?” என்று விடை வந்தால் அது தட்டிக்கழிப்பதாகாது, உங்களுக்காக நாட்குறிப்பில் இடம் தேடியிருக்கிறார் என்று கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்குச் சரியாகப் போய்விடுங்கள். பத்து மணி என்று அட்டவணையில் உள்ள வகுப்பு பத்தேகாலுக்குத் தொடங்குவது அங்குள்ள பல்கலைக்கழகங்களின் பழைய வழக்கம். அந்தக் கால் மணி நேரச் சலுகை வகுப்பறையோடு சரி.

உங்கள் வகுப்புத் தோழர்களின் நிலையையும் சற்று எண்ணிப்பாருங்கள். அவர்களில் பலர் அதே பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் இளநிலை படித்துவிட்டு, அந்த நண்பர் கூட்டத்தோடேயே முதுநிலைக்கு வந்திருப்பார்கள். பள்ளிக்கால நண்பர்கள் அறுபது, எழுபது கிலோமீட்டர் தொலைவில்தான் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பலர் முதுகுப்பையோடு ரயில் நிலையத்துக்குப் போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். புதிதாக ஒருவர் வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரி விடுதியில் அறை, மெஸ், பேருந்து, தேர்வு நேரத்து இரவுகள் எல்லாம் ஒரே கூட்டத்தோடு கழிவதால், யாரும் முயலாமலே நட்பு உண்டாகிவிடுகிறது. ஜெர்மனியில் பல்கலைக்கழகம் வகுப்பையும் தேர்வையும் நடத்துவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். மாணவர் குடியிருப்பையும் மென்சாவையும் நடத்துவது ஷ்டுடீரெண்டன்வெர்க் என்னும் வேறொரு பொது அமைப்பு. ஆகவே அந்த நான்கும் அங்கே நான்கு வெவ்வேறு கூட்டங்களோடு கழிகின்றன.

இந்த நிலையில் பேச்சுத் திறமையை நம்புவதைவிட, அதே முகங்களை வாரந்தோறும் அதே இடத்தில் பார்க்கும்படி உங்களை அமைத்துக்கொள்வதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே முதல் மூன்று, நான்கு வாரங்கள் யாரும் உங்களைக் கண்டுகொள்ளாமல் இருக்கலாம், ஐந்தாவது வாரம் நீங்கள் வராமல்போனால் “ஏன் வரவில்லை?” என்று கேட்பார்கள். இதற்கு மிக எளிய வாயில் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பிரிவு, அதாவது ஹோஹ்ஷூல்ஷ்போர்ட். பூப்பந்து, கைப்பந்து, சுவரேறுதல், நடனம் என்று பல வகுப்புகள் குறைந்த கட்டணத்தில் பருவம் முழுவதும் நடக்கும். பெயர்ப்பதிவு பெரும்பாலும் இணையத்தில், குறித்த நாளில், குறித்த மணிக்குத் திறக்கும். பலர் விரும்பும் வகுப்புகள் சில நிமிடங்களிலேயே நிரம்பிவிடும் என்பதால், கோடைப் பருவப் பதிவு எப்போது தொடங்குகிறது என்பதை இப்போதே பார்த்து வையுங்கள். தனியாகவே உடற்பயிற்சி செய்யும் கூடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இணை தேவைப்படும் விளையாட்டாகப் பாருங்கள். பயிற்சி முடிந்த பின் வலையைக் கழற்றிச் சுருட்டும் வேலையில் கைகொடுங்கள். பெயர் கேட்பதும் ஊர் கேட்பதும் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கும்.

இரண்டாவது, உங்கள் துறையின் மாணவர் குழுவான ஃபாக்ஷாஃப்ட். அயல்நாட்டு மாணவர்கள் பலர் இரண்டு ஆண்டுகளும் அந்த அறைக்குள் காலடி வைக்காமலே பட்டம் பெற்றுத் திரும்புகிறார்கள். இது பெரிய இழப்பு. பழைய தேர்வுத்தாள்கள் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பழைய சோபா, ஒரு காபி இயந்திரம், ஒரு குளிர்பதனப் பெட்டி, அதன் கதவில் பெயர்ப் பட்டியல் என்று அந்த அறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். காபியோ குளிர்பானமோ எடுத்தவர் தம் பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டுவிட்டு, மாதக் கடைசியில் கோடுகளை எண்ணிக் காசு கட்டுவார். அந்தத் தாளில் உங்கள் பெயர் ஏறினால் நீங்கள் அந்த அறைக்கு உரியவர் ஆகிவிட்டீர்கள். புதிய மாணவர் வரவேற்பு வாரத்துக்கும், கோடையில் நடக்கும் கிரில் விருந்துக்கும் அவர்களுக்கு எப்போதும் ஆள் போதாது; “மேசைகளைத் தூக்க நான் வருகிறேன்” என்றால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஜெர்மன் மொழி அரைகுறையாக இருப்பது மேசை தூக்கத் தடையாகாது.

உங்கள் பாடங்களில் வாரப் பயிற்சித் தாள்களை இருவராகவோ மூவராகவோ சேர்ந்து ஒப்படைக்கலாம் என்றால், அடுத்த பருவத்தில் வீட்டுத் தோழர்களோடு சேராமல் வேறொருவரோடு சேருங்கள். ஐவரும் ஒரே குழுவாக இருப்பது வசதிதான். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது மூடிய கதவாகவே தெரியும். வீட்டுத் தோழர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். அவர்களில் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள், ஐவராகப் போகாதீர்கள்.

மொழியைப் பற்றி ஒரே ஒரு செய்தி. உங்களுக்காக ஒரு கூட்டம் ஆங்கிலத்துக்கு மாறும். கால் மணி நேரத்தில் தன்னையறியாமல் ஜெர்மனுக்குத் திரும்பிவிடும். அதை அவமதிப்பாக எண்ணி எழுந்துவிடாமல் உட்கார்ந்திருங்கள். பல்கலைக்கழக மொழி மையத்தின் வகுப்புகள் பெரும்பாலும் இலவசமாகவோ சிறு கட்டணத்திலோ கிடைக்கும். ஆங்கிலவழிப் படிப்புக்கு ஜெர்மன் தேவையில்லை என்ற விளம்பரம் படிப்பைப் பொறுத்தவரை உண்மை, மாலை நேரத்தைப் பொறுத்தவரை பொய். மொழித் தேர்ச்சியில் இடைநிலையான பி1 நிலையை எட்டினால் அந்த மேசையில் நடக்கும் நகைச்சுவையில் பாதியாவது பிடிபடும்.

இப்போது நிறத்தைப் பற்றி. மென்சாவில் தனிக் கூட்டத்தோடு உட்காருவதை மட்டும் வைத்து இனவெறி என்று முடிவுகட்ட இயலாது. வேறு நகரத்திலிருந்து முதுநிலைக்கு வரும் ஜெர்மானிய மாணவர்களே முதல் பருவத்தில் இதே குறையைச் சொல்வதுண்டு. ஆனால் அந்நாட்டில் இனவெறி இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். வீடு தேடும்போது பெயரைப் பார்த்து விடையளிக்காமல் இருப்பவர்கள் உண்டு. டிராமில் தகாத சொல் சொல்பவர்களும் உண்டு. பாகுபாட்டைத் தடுக்கும் பொதுச் சமநடத்தைச் சட்டம் 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இதற்கான ஆலோசனைப் பிரிவும் இருக்கிறது. அப்படி ஏதேனும் நேர்ந்தால் நாள், நேரம், உடனிருந்தவர் ஆகியவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு அங்கே செல்லுங்கள். “நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனோ” என்று உங்களையே குடைந்துகொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: மகள் அக்டோபரில் ஆகனுக்குப் படிக்கச் செல்கிறாள். மாணவர் விடுதி கிடைக்கவில்லை, ஆண்களும் பெண்களும் சேர்ந்து வாழும் “வே.கே.” என்னும் பகிர்வு வீட்டில் அறை பார்க்கிறேன் என்கிறாள். அறை கொடுப்பதற்கு நேர்காணல் வேறு நடத்துவார்களாம். என் கணவர் ஒரேயடியாக மறுக்கிறார். எங்கள் அச்சம் நியாயமானதுதானா?
— ஒரு தாய், திருச்சி

பதில்: அம்மா, தங்கள் அச்சம் இயல்பானதே, ஆனால் அந்த வீடுகளின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் பெருமளவு குறையும். ஒவ்வொருவருக்கும் பூட்டுள்ள தனி அறை. சமையலறையும் குளியலறையும் பொது. ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் தனித்தனி அறைகளில் இருப்பது அங்கே மாணவர்களிடையே மிகச் சாதாரணம். அதற்கு வேறு பொருள் எதுவும் கிடையாது. பெண்கள் மட்டுமே இருக்கும் வே.கே.களும் உண்டு, விளம்பரத்திலேயே அதைக் குறிப்பிட்டிருப்பார்கள், தங்கள் கணவருக்கு அது மனநிறைவு தரலாம்.

நேர்காணல் என்பது சமையலறை மேசையில் அரைமணி நேரம் பேசிப்பார்ப்பது. வாரச் சுத்தப்படுத்தும் முறையை ஏற்பாளா, இரவு எத்தனை மணிக்குத் தூங்குவாள், அனைவரும் சேர்ந்து சமைக்க விரும்புவாளா என்று கேட்பார்கள். வாடகையைப் பகிர்ந்துகொள்வதற்காக மட்டும் நடக்கும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே ஒருவரை ஒருவர் வாரக்கணக்கில் பார்க்காமலும் இருக்க நேரும். நண்பர்கள் வேண்டும் என்றால் அத்தகைய வீட்டைத் தவிர்க்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், அயல்நாட்டு மாணவி ஒருத்திக்கு மொழியும் பழக்கவழக்கமும் நட்பும் ஒருங்கே கிடைக்கும் இடம் நல்ல வே.கே.யைப் போல் வேறில்லை. தனி அறை கொண்ட விடுதியில் பக்கத்து அறைக்காரர் பெயர்கூடத் தெரியாமல் ஓர் ஆண்டு கழிவதுண்டு.

பணத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். அறையை நேரிலோ காணொளியிலோ பார்க்காமல், ஒப்பந்தம் கையில் வராமல், முன்பணம் அனுப்பக் கூடாது. “நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியை அஞ்சலில் அனுப்புகிறேன்” என்று வரும் விளம்பரங்கள் மோசடியே. முன்வைப்புத் தொகை சட்டப்படி மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது. நகர அலுவலகத்தில் செய்யும் முகவரிப் பதிவுக்கு வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் கட்டாயம் தேவை என்பதால், அதைத் தர மறுக்கும் வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: வங்கிக் கடனில் படிக்க வந்தேன். வாரம் 20 மணி நேரம் ஒரு கிடங்கில் இரவுப் பணி. பகலில் வகுப்பில் கண் சொக்குகிறது. நண்பர்களோடு எங்கே போவது? வேலையை விட்டால் கடனை எப்படி அடைப்பது?
— பொறியியல் மாணவர், பிரவுன்ஷ்வைக்

பதில்: வேலையை விடச் சொல்லமாட்டேன், மாற்றச் சொல்கிறேன். 2024 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, அயல்நாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள்களோ 280 அரை நாள்களோ வேலை செய்யலாம். பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியர்களிடம் செய்யும் மாணவர் உதவியாளர் பணி, அதாவது எல்லோரும் “ஹிவி” என்று சொல்லும் வேலை, இந்தக் கணக்கில் சேராது. ஊதியம் கிடங்கைவிட அதிகமாக இராது. ஆயினும் பகல் வேலை. சுற்றி இருப்பவர்கள் உங்கள் துறைக்காரர்கள். ஆய்வேட்டுக்கு வழிகாட்டி தேடும்போது உங்களை ஏற்கெனவே அறிந்த ஒருவர் இருப்பார். நண்பகல் உணவுக்கு ஆய்வகமே கூட்டமாக மென்சாவுக்குப் போகும்போது உங்களையும் அழைத்துக்கொண்டு போகும். நள்ளிரவில் காதடைப்பான் போட்டுக்கொண்டு பெட்டி அடுக்கும் வேலையில் இவற்றில் எதுவும் கிட்டாது. ஹிவி இடங்கள் விளம்பரமாக வருவதற்கு முன்பே வாய்மொழியாக நிரம்பிவிடுவதும் உண்டு. நல்ல மதிப்பெண் வாங்கிய பாடத்தின் பயிற்சி ஆசிரியரிடம் நேரில் சென்று கேளுங்கள்.

கிடங்கு வேலையை முற்றிலும் விட இயலாவிட்டால், வகுப்பு நடக்கும் மாதங்களில் குறைத்துக்கொண்டு, பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரையும், ஆகஸ்ட், செப்டம்பரிலும் முழு நாள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ என்பதால் இந்த இடைவேளைகளில் நல்ல தொகை சேரும். தேர்வுகளும் இதே இடைவேளைகளில்தான் வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: ஜெர்மானிய நட்பு கட்டாயம் வேண்டுமா? டார்ட்முண்டில் தமிழ் மாணவர்கள் ஏராளம். பொங்கல், கிரிக்கெட், வார இறுதிச் சமையல் என்று நிறைவாகவே இருக்கிறேன். “நீ ஜெர்மனியில்தான் இருக்கிறாயா?” என்று அண்ணன் கேலி செய்கிறார்.
— வாசகர், டார்ட்முண்ட்

பதில்: கட்டாயம் ஒன்றுமில்லை. காய்ச்சலில் கிடக்கும்போது கஞ்சி வைத்துத் தருபவர்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. அண்ணனிடமும் அதைச் சொல்லுங்கள். படிப்பு முடிந்து அங்கேயே வேலை தேடுவதாக இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அப்போது மொழியும் அறிமுகங்களும் தேவைப்படும்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன்: நீங்கள் பழகும் தமிழர்கள் எல்லோரும் கடந்த மூன்று ஆண்டுகளில் விமானம் ஏறி வந்தவர்கள்தானா? உங்கள் மாநிலமான வடரைன்-வெஸ்ட்ஃபாலியாவில், 1983-க்குப் பின் அடைக்கலம் தேடி வந்த ஈழத்தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளும் பெருமளவில் வாழ்கிறார்கள். 2002-இல் குடமுழுக்கு நடந்த ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் உங்களுக்கு மிக அருகில் இருக்கிறது. மாணவர்களுக்கான பயணச்சீட்டிலேயே போய் வரலாம். கோடைத் தொடக்கத்தில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அங்கே உங்கள் வயதுப் பிள்ளைகளைப் பாருங்கள்: பெற்றோரிடம் யாழ்ப்பாணத் தமிழ், தங்களுக்குள் ஜெர்மன். அந்நாட்டுப் பள்ளியில் படித்து, அந்நாட்டு அலுவலகங்களோடு மல்லுக்கட்டி வளர்ந்தவர்கள். தமிழக மாணவர்கள் அவர்களது கடையில் கறிவேப்பிலை வாங்குவதோடு நின்றுவிடுவது எனக்கு எப்போதுமே வியப்பாக இருக்கிறது. தமிழும் விடாமல் ஜெர்மனியையும் அறிய விரும்புபவருக்கு அவர்களைவிட நல்ல தோழர்கள் யார்?

கேள்வி: நவம்பர் முதல் படுக்கையை விட்டு எழவே மனமில்லை. வீட்டோடு தினமும் மூன்று மணி நேரம் வீடியோ காலில் பேசுகிறேன். பேசி முடித்ததும் அழுகை வருகிறது.
— வாசகி, ரோஸ்டாக்

பதில்: வடக்கே டிசம்பரில் எட்டு மணிக்குப் பின் விடிந்து, மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடுகிறது, வெயிலில் வளர்ந்த உடல் இதற்குத் திணறுவது உங்கள் பலவீனம் ஆகாது. நண்பகலில் அரைமணி நேரமாவது வெளியே நடங்கள். ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறது என்றால் நடைமட்டும் போதாது. ஷ்டுடீரெண்டன்வெர்க்கின் உளவியல் ஆலோசனை இலவசமானது. அங்கே சொல்வது பேராசிரியருக்கோ வீட்டுக்கோ போகாது. பல ஊர்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். இந்த வாரமே நேரம் கேட்டு எழுதுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் காத்திருக்காமல் 112-ஐ அழையுங்கள். புராட்டஸ்டன்ட், கத்தோலிக்க மாணவர் மையங்களும் எல்லாச் சமயத்தவருக்கும் திறந்தவை. வாரம் ஒரு நாள் சேர்ந்து சமைத்து உண்ணும் வழக்கம் பல மையங்களில் உண்டு. பணமுடையின்போது அவசர உதவியும் செய்வார்கள்.

வீட்டோடு பேசுவதை நிறுத்த வேண்டாம். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். குளிர்காலத்தில் இந்தியா நான்கரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே மாலை ஆறு மணி என்றால் ஊரில் இரவு பத்தரை. வீட்டார் உறங்கப் போகும் அந்த வேளையில்தான் மாணவர்களின் மாலை தொடங்குகிறது. பிற்பகலில் அரைமணி நேரம் பேசிவிட்டு, வாரத்தில் இரண்டு மாலைகளையாவது அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் மது அருந்துவதில்லை, சைவ உணவு மட்டுமே. விருந்துகளுக்கு அழைத்தால் எப்படிச் சமாளிப்பது?
— இளநிலை மாணவர், பெர்லின்

பதில்: “குடிப்பதில்லை” என்று ஒரு முறை சொன்னால் போதும், காரணம் விளக்க வேண்டியதில்லை. ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த அப்ஃபெல்ஷோர்லே எங்கும் கிடைக்கும். கோப்பைகளை மோதும்போது எதிரிலிருப்பவரின் கண்ணைப் பாருங்கள். அங்கே அதைத்தான் கவனிப்பார்கள். உணவைப் பொறுத்தவரை நீங்கள் கொடுத்து வைத்தவர்: பெர்லின் மென்சாக்களின் உணவுப் பட்டியல் 2021 அக்டோபர் முதல் பெரும்பாலும் சைவமாகவும் வீகனாகவுமே இருக்கிறது.

பிறந்தநாள் விருந்து என்றால் இரண்டு செய்திகள். முன்கூட்டியே வாழ்த்தாதீர்கள், அதை அபசகுனமாகக் கருதுவார்கள். உங்கள் பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவர வேண்டியவர் நீங்களேதான். பலர் சேர்ந்து உண்ணும் விருந்துக்கு ஆளுக்கொரு பண்டம் எடுத்துப் போவது வழக்கம். எலுமிச்சை சாதமோ உருளைக்கிழங்குக் கறியோ காரம் குறைத்துச் செய்துகொண்டு போங்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்தின் அருகில் வையுங்கள். முந்திரி, வேர்க்கடலை, பால் ஆகியவை இருந்தால் அவற்றைத் தவறாமல் குறிப்பிடுங்கள்.